தம்பியின் தலையில் ஊற்றிய தண்ணீர்

இப்போதெல்லாம் நாம் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி, முழங்கால் வலியில் நடந்து, கடைசியில் கல்லறையில் போய் நிற்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள், செத்த பிறகு நிசமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா மனசைத் தேற்றிக்கொள்ளத்தானா என்று. வெயில் ஏறியிருந்தது, ஆட்டோவும் வந்துவிட்டது, பதில் சொல்லாமல் ஏறிப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். இவள் பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று முணுமுணுக்காமல் கேளுங்கள். பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன். மோட்சத்துக்கு ஓர் ஆளை என் கையால் அனுப்பி வைத்தவள் நான். உங்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்?

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வாய்க்காலுக்கு மேற்கே, கோயில் மணி காதில் அறைகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவர். எந்நேரமும் அவர் நகக்கண்ணில் மை இருக்கும், நற்கருணை வாங்கப் போகும்போதும் இருக்கும். அப்பாவுடைய அக்கா, என் அத்தை, புருஷனை இழந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். வீட்டில் பக்தி, அடுப்பு, அடி மூன்றும் அவள் பொறுப்பு. அம்மா அதிகம் பேச மாட்டாள். அந்த வருஷம் அம்மா வயிற்றில் பிள்ளை. எனக்குப் பிறகு இரண்டு கலைந்துபோய் வந்த பிள்ளை என்பதால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு ஓதெகொலோன் புட்டிகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த தாய்மாமா சைகோனிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சென்ட் அது. நீளமான கண்ணாடி, தங்கக் கரை போட்ட காகிதம், பித்தளை மூடி. ஒரு புட்டியில் சென்ட் இன்னும் பாதி இருந்தது, அது அலமாரியில். இன்னொன்று தீர்ந்துபோனது. அதைக் கழுவி, பெரிய சனிக்கிழமை கோயிலில் மந்திரிக்கிற தீர்த்தத்தைப் பிடித்து, தேவமாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் அம்மா. நம் ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒயின் புட்டி, மருந்துப் புட்டி, எது அழகாக இருக்கிறதோ அதில் தீர்த்தம். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் புட்டியில் சென்ட் வாசனை லேசாக இருந்துகொண்டேதான் இருந்தது. அந்த வாசனைதான் பிறகு எங்களைப் படாதபாடு படுத்தியது.

அதற்கு முன்னால் பூசணிக்காய் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்காக எங்களுக்கு ஞானோபதேசம் நடந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாமேர்; கன்னியாஸ்திரிகளை அப்படித்தானே கூப்பிடுவோம். அவசரத்தில் ஞானஸ்நானம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார் ஒருநாள். ஆணானாலும் பெண்ணானாலும், பெரியவர் சின்னவர் யாரானாலும். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஓடும்போதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், திருச்சபை செய்வதை நானும் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொம்மையை வைத்துச் செய்தும் காட்டினார். எனக்குப் பொம்மை கிடையாது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் பூசணிக்காய்க்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அத்தை பார்த்துவிட்டாள். தேவத்திரவிய அனுமானச் சடங்கை வைத்தா விளையாடுகிறாய் என்று முதுகில் வைத்தாள் ஒன்று. அன்றைக்கு மத்தியானம் அதே பூசணிக்காயைத்தான் குழம்பு வைத்தாள், அது வேறு விஷயம்.

சரி, அந்தக் காலை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். எட்டாம் மாசம்தான் நடந்துகொண்டிருந்தது. அம்மா உரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்ததும் அத்தை மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினாள், என்னைக் காவல் வைத்துவிட்டு. அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், அம்மா அலறிவிட்டாள். அப்போது வாசலில், "மீனு, காரப்பொடி, சங்கரா" என்று குரல். வீராம்பட்டினத்திலிருந்து தினமும் கூடை தூக்கி வருகிற மீன்காரம்மா. நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு, கிணற்றடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அதுவரை எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டி அவள் வந்ததே இல்லை.

பிள்ளை அவள் கையில்தான் வந்து விழுந்தது. ஆண் பிள்ளை. ஊதா நிறம். அழவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அம்மாவுக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது. மூக்கில் வைக்க ஏதாவது கொண்டு வா பாப்பா என்று மீன்காரம்மா கேட்டாள். நான் அலமாரியைத் திறந்து சென்ட் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் உள்ளங்கையில் ஊற்றி, சட்டென்று கையை ஒரு உதறு உதறி, பிறகு அம்மாவின் நெற்றியிலும் மூக்கிலும் தேய்த்தாள். ஏன் உதறினாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அம்மா கண் திறக்கவில்லை. மீன்காரம்மா பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு அதன் முதுகைத் தட்டினாள், நெஞ்சைத் தடவினாள், வாயில் ஊதிப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது தங்காது பாப்பா," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குச் செய்ய ஒன்றுதான் இருந்தது, அது எனக்குத் தெரியும். சுரூபத்திடம் ஓடினேன். தீர்த்தப் புட்டியை எடுத்தேன். தலையை நல்லா பிடிச்சுக்கோ என்று அவளிடம் சொன்னேன், ஏதோ பெரிய மனுஷி மாதிரி. பிள்ளையின் தலை அவள் உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் போல அடங்கியிருந்தது. புட்டியை முழுசும் சாய்த்தேன். "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்" என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். அம்மா ஆண் பிள்ளைக்கென்று நினைத்து வைத்திருந்த பெயரையும் சொன்னேன். அந்தப் பெயர் எங்கள் வீட்டோடு இருக்கட்டும், இங்கே சொல்லவில்லை. தண்ணீர் அவன் தலையில் ஓடி, அவள் விரலிடுக்கு வழியாகப் பாயில் சொட்டியது. அவன் இன்னும் சிறிது நேரம் வாயைத் திறந்து மூடினான். அப்புறம் திறக்கவில்லை.

அத்தை மருத்துவச்சியோடு உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்த வேகத்தில் மருத்துவச்சியின் கால் பட்டு சென்ட் புட்டி உருண்டு, மிச்சமிருந்ததும் தரையில் கொட்டியது. அறை முழுக்க அந்த வாசனை. நீ ஏன் உள்ளே வந்தே, போ போ என்று அத்தை மீன்காரம்மாவை விரட்டினாள். துக்கத்தில் சொன்னது, அவளைக் குறை சொல்ல முடியாது. மீன்காரம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி மருத்துவச்சி மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் கூடையில் பூனை வாய் வைத்திருந்தது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அம்மாவுக்கு நினைவு வந்ததும், பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"தண்ணி ஊத்துனீங்களா?"

நான் ஊத்துனேன்மா என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அத்தை பிள்ளையின் தலையை மோந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இரண்டு புட்டியும் காலியாகத் தரையில் கிடந்தன, ஒரே அச்சு, ஒரே வாசனை. எதிலிருந்துடி ஊத்துனே என்று கேட்டாள். தீர்த்தத்திலிருந்து என்றேன். பிள்ளை தலையில் சென்ட் வாசனை வருதே என்றாள். பதட்டத்தில் புட்டி மாறி எடுத்துவிட்டாய், பூசணிக்காய்க்கு ஊற்றிய கழுதைதானே நீ என்றாள்.

உங்களுக்கெல்லாம் இது தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். தண்ணீரைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் ஞானஸ்நானம் ஆகாது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று அன்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நரகமும் இல்லை. அழுகையும் இல்லாத, சர்வேசுரன் முகமும் தெரியாத ஓர் இடத்தில் என்றென்றைக்கும் இருக்கும் என்றார்கள். கல்லறைக்குள் அதைப் புதைக்க மாட்டார்கள். மதிலுக்கு வெளியே கள்ளி மண்டிய மூலையில், மணி இல்லாமல், பூசை இல்லாமல், யாராவது ஓர் ஆம்பளை பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். அம்மா அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள். கலைந்த இரண்டும் அங்கேதான் இருந்தன என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அத்தை கெட்டவள் இல்லை. பொய்யாக ஒரு பிள்ளையைப் புனித மண்ணில் புதைத்தால் குடும்பத்துக்குப் பாவம் என்று பயந்தாள். சுவாமியாருக்குக் கீழே கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து, புட்டிகளை மோந்து, உதட்டைப் பிதுக்கினார். சின்னப் பெண் சொல்வதை வைத்து எப்படி முடிவு செய்வது என்றார். விளையாட்டாகவே செய்திருக்கலாம் என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "அப்போ என் புள்ளைய நான் பாக்கவே மாட்டனா?" என்றாள். உயிரோடும் பார்க்கவில்லை, இனி எங்கேயும் பார்க்க முடியாது என்பது அவள் கணக்கு. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மாறித்தான் எடுத்துவிட்டேனோ என்று.

அச்சாபீசிலிருந்து ஓடிவந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மை படிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் வீராம்பட்டினத்துக்குப் போனார். ஊர் பெரிது, மீன் விற்கிற பெண்கள் நிறைய. எங்கள் தெருவுக்கு வருகிறவள் யார் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். கண்டுபிடித்து, கேரியரில் உட்காரச் சொன்னதற்கு அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஊரான் சைக்கிள்ல குந்திக்கினு போனா ஊரு சிரிக்கும் என்றாளாம். அவள் முன்னால் நடக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா பின்னால் நடந்து வந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது கோயில் நிழல் தெருவுக்குக் குறுக்கே விழுந்திருந்தது.

சாமியார் பங்களா வராந்தாவில் அம்மாவைத் தவிர எங்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். பெரிய சுவாமியார் பிரெஞ்சுக்காரர், தாடி நெஞ்சு வரைக்கும். தமிழைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பேசுவார். முதலில் என்னைத்தான் கேட்டார். எங்கே ஊற்றினாய், என்ன சொன்னாய், பிள்ளைக்கு அப்போது உயிர் இருந்ததா என்று. எல்லாம் சொன்னேன். பிறகு குனிந்து, "மகளே, விளையாட்டாகச் செய்தாயா?" என்று கேட்டார்.

"பூசணிக்காய்க்கு விளையாட்டா செஞ்சேன் சுவாமி. தம்பிக்கு நெசமா செஞ்சேன்."

தாடிக்குள் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. அதன் பிறகு மீன்காரம்மாவைப் பார்த்தார். புட்டி பற்றியோ சென்ட் பற்றியோ வாயே திறக்கவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள், பிள்ளை வந்தது, அம்மா மயங்கியது, நான் சென்ட் கொண்டுவந்து கொடுத்தது.

"அந்த சென்ட்ட கையில ஊத்துனதும் தீயா எரிஞ்சிச்சு சாமி. மீனு அறுக்கற கை, எப்பவும் முள்ளு கீறிக்கினேதான் இருக்கும். இந்தக் கையிலதான் புள்ள தலைய வெச்சிருந்தேன். அப்பறம் பாப்பா வந்து இன்னாவோ சொல்லிக்கினே ஊத்துச்சு. அது பட்டதும் எரிச்சலு அடங்கிப் போச்சு. எரிஞ்ச கை அப்பத்தான் ஆறுச்சு."

அவள் கை வாசனைதான் பிள்ளை தலையில் ஏறியிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உபதேசியார்தான் மெல்ல, இவங்க நம்ம வேதம் இல்லையே சுவாமி, இவங்க சாட்சியை எப்படி எடுத்துக்கறது என்று இழுத்தார்.

"நான் இந்த அம்மாளிடம் வேதம் கேட்கவில்லை. கையைத்தான் கேட்டேன்," என்றார் சுவாமியார்.

அவள் கையை விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தாள். உள்ளங்கை முழுக்கப் பழையதும் புதியதுமாகக் கீறல்கள். சுவாமியார் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு பூசை உடுப்புகளை எடுத்து வைக்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கறுப்பு உடுப்பு வேண்டாம். வெள்ளையை எடுத்து வை," என்றார்.

அத்தை அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து என்னை இழுத்து, அடித்த அதே முதுகில் தடவிக் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நம் அத்தைகள் எங்கே கேட்டார்கள்? ஆனால் அன்று முதல் சாகும்வரை, எங்கள் வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்த பொண்ணு என்று தெருவெல்லாம் என்னைச் சொல்லித் திரிந்தது அவள்தான்.

மறுநாள் காலை தம்பிக்கு, தேவதூதனுக்குச் செய்கிற மாதிரி, சம்மனசு அடக்கம். ஞானஸ்நானம் பெற்ற பச்சைப் பிள்ளைக்குத் துக்க மணி அடிக்கக் கூடாது. அது நேரே மோட்சம் போயிருக்கிறது, திருநாளுக்கு அடிக்கிற மாதிரிதான் அடிக்க வேண்டும். மல்லிகையில் கிரீடம் கட்டித் தம்பி தலையில் வைத்தார்கள். நானும் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தேன். மணி கணகணவென்று அடித்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மதிலுக்கு வெளியே இருந்த கள்ளி மூலையைத் தாண்டி, வாசல் வழியாக, உள்ளே போனோம். நான் தலை நிமிர்ந்து நடந்தேன், இன்றைக்கும் அந்த நடையை நினைத்தால் முதுகு நிமிர்கிறது. பிள்ளை பெற்றவள் வெளியே வரக் கூடாதாகையால் அம்மா வீட்டிலேயே இருந்தாள். மணி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடு என்றாளாம். நாங்கள் திரும்பி வந்ததும், அம்மாவுக்குத் துணையிருந்த அத்தை முதலில் இதைத்தான் சொன்னாள்.

அதன் பிறகு மீன்காரம்மா நிலைப்படியில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போவாள். அம்மா அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அத்தையே டம்ளரைக் கையில் கொடுப்பாள். இரண்டு புட்டிகளும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. தேடியிருக்கிறேன். நாங்கள் வீடு மாறியபோது ஏதாவது பழைய சாமான்காரன் கொண்டுபோயிருப்பான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் நாங்கள் மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு போனோம். மீன்காரம்மா வாசலுக்கு வெளியே, கள்ளிப் பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் கனகாம்பரம். அம்மா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். உபதேசியார் பார்த்தார், வழிவிட்டு ஒதுங்கினார். சின்னக் குழிமேட்டில் மீன்காரம்மா பூவை வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை அந்தக் கையாலேயே தட்டிச் சமன் செய்தாள். அம்மாவைப் பார்க்காமலே கேட்டாள்.

"தங்கச்சி, நான் வேற சாமி கும்பிடறவ. எங்க அம்மன வுட்டுட்டு வரவும் மாட்டேன். நான் செத்தா, இவன் இருக்கற எடத்துக்கு என்னைய உள்ள வுடுவாங்களா?"

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். ஞானோபதேசத்தில் இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கும் தெரியும். காற்றில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்திகள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. அம்மா அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"நீ வராம எப்படிக்கா? உயிரோட நான் அவன் மொகத்தப் பாக்கலியே. நீதானே பாத்தே. அங்க அத்தினி புள்ளைங்கள்ல எம்புள்ள எதுன்னு எனக்குத் தெரியாது. நீ வந்துதான் காட்டணும்."

மீன்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். நானும் அவர்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

பல வருஷம் கழித்து, நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, மீன்காரம்மா போய்ச் சேர்ந்தாள் என்று வீராம்பட்டினத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். அம்மா அழவில்லை. சுரூபத்துக்கு முன்னால் ஒரு விளக்கை ஏற்றினாள். முன்னாடியே போயிட்டாங்க, அதுவும் நல்லதுக்குத்தான் என்றாள். தன்னுடைய முறை வந்தபோது அவள் பயப்பட்டதை நான் பார்க்கவில்லை. எனக்கும் முறை வரும். கோயில் வாசலில் கேள்வி கேட்டவளே, என் பதில் இதுதான். அங்கே யாரும் எனக்கு அவனைக் காட்ட வேண்டாம். வாயைத் திறந்து திறந்து மூடிய அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தலையில் தண்ணீர் ஊற்றியவளே நான்தான்.